பதினோரு பந்து

கல்லூரி விடுதி, ஹார்லன் ஃபால்ஸ், மிச்சிகன்
3 செப்டம்பர் 1989

அன்புள்ள ரெய்னோ அண்ணாவுக்கு,

ஹெல்மி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் கப்பலும் ஏரியும் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லையாம். பள்ளிக்கூடச் சமையலறையில் இப்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் உருளைக்கிழங்கு உரிக்கிறாளாம்.

ஒரு செய்தி. இந்த வருஷம் முதல்முறையாகப் பெண்கள் கால்பந்துக்கும் கூட்டமைப்புக் கோப்பை வைக்கிறார்கள். எட்டுக் கல்லூரிகளில் முதல் நான்கு இடத்துக்கு வருபவர்கள் நவம்பரில் மோத வேண்டும். ஆண்களுக்கு இது பதினெட்டு வருஷமாக இருக்கிறது. எங்களுக்கு இன்னும் அவர்கள் போட்டுக் கழித்த சட்டைதான். என் சட்டை யாரோ ஒரு ராட்சசனுடையது, இவ்வளவு உயரமான எனக்கே முழங்காலைத் தொடுகிறது. "நீ கால்சட்டையே போட வேணாம்டி, ஒருத்தருக்கும் தெரியாது" என்கிறாள் ட்ரூடி. அவள் என் அறைத்தோழி, எங்கள் அணிக்கு இருக்கும் ஒரே கோல்கீப்பர்.

கோச் பேர்டன் வரலாற்று வாத்தியார். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு புத்தகம். என்னைத் தடுப்பு வரிசையின் நடுவில் நிறுத்தியிருக்கிறார். "மூலையிலேர்ந்து கார்னர் பந்து வந்தா அவங்க தலை படக்கூடாது, உன் தலைதான் படணும். அவ்வளவுதான் உன் வேலை" என்றார். ஆறடிக்கு வளர்ந்ததற்கு இப்போதுதான் ஒரு பயன் கிடைத்திருக்கிறது.

நவம்பர் மூன்றும் நான்கும், எங்கள் மைதானத்திலேயே. அப்போது உன் கப்பல் எங்கே இருக்கும்? முடிந்தால் வா.

பாசத்துடன்,
ஹெல்மி


கப்பல் 'குரோவர்', ஹ்யூரான் ஏரி
14 செப்டம்பர் 1989

என் தங்கை ஹெல்மிக்கு,

உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில், தபால் படகுக்காரன் கயிற்றில் கட்டிய வாளியில், பாதி நனைந்து வந்து சேர்ந்தது. படித்துச் சந்தோஷப்பட்டேன். நான் சுகம். இருபத்தெட்டு பேருக்குச் சமைக்கிறவன் மெலியவா போகிறேன்.

உன் விஷயத்தைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். "உன் தங்கச்சி தலையால பந்தைத் தட்டுறாளா? நீ உன் தலையை எதுக்குடா வச்சிருக்க, தொப்பி மாட்டவா?" என்று தலைமைச் சமையல்காரர் ஸ்டான் கேட்டார். அன்றைக்கு அவருக்கு ஆப்பிள் பை தரவில்லை.

நவம்பரில் இரும்புத்தாது ஏற்றும் வேலை நெருக்கடியாக இருக்கும். வர முடியாது என்றுதான் நினைக்கிறேன். நீ ஆட்டம் ஆட்டமாக எழுது, நான் மேசையில் படித்துக் காட்டுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
ரெய்னோ


ஹார்லன் ஃபால்ஸ்
10 அக்டோபர் 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தான். நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை வேக்லி கல்லூரியோடு ஆட்டம். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். இரண்டாவது கோல் என் தலையால் போட்டது என்று ட்ரூடி சத்தியம் செய்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை, அதனால் நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன். நானும் வேக்லிப் பெண் ஒருத்தியும் ஒரே பந்துக்கு எம்பி, தலையோடு தலை மோதி விழுந்தோமாம். பிறகு நான் எழுந்து எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேனாம்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. தலை வலிக்கிறது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று திரையை இழுத்துவிட்டு எழுதுகிறேன். பரீட்சைக்குப் படித்த களைப்பு. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதே.

ஹெல்மி


கப்பல் 'குரோவர்', ஈரீ ஏரி
15 அக்டோபர் 1989

அன்பு ஹெல்மி,

கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன், இங்கும் அப்படியே.

கோல் போட்டவளுக்கே கோல் போட்டது தெரியாது என்று மேசையில் படித்ததும் எல்லோரும் சிரித்துத் தீர்த்தார்கள். "எனக்குக்கூட என் கல்யாணம் அப்படித்தான்" என்றார் ஸ்டான். தலைவலி எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினாயா? ஒரு வரி எழுது.

ஏரி கொந்தளிக்க ஆரம்பித்துவிட்டது. நேற்று முப்பது முட்டை அடுப்படியிலிருந்து உருண்டு தரையில் ஆம்லெட் ஆனது. அம்மா ஏலக்காய் ரொட்டி அனுப்பியிருந்தாள், உனக்கும் வந்திருக்கும்.

ரெய்னோ


ஹார்லன் ஃபால்ஸ்
18 செப்டம்பர் 1989

அன்புள்ள ரெய்னோ அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உனக்கு ஒரு செய்தி. இந்த வருஷம் முதல்முறையாகப் பெண்களுக்கும் கூட்டமைப்புக் கோப்பை வைக்கிறார்கள். நான்கு கல்லூரிகள் மோதும். நாங்கள் நான்காவது இடத்தில் இருக்கிறோம் என்று கோச் சொன்னார். ஆண்களுக்கு இது ரொம்ப வருஷமாக இருக்கிறது.

சனிக்கிழமை வேக்லியோடு ஆடினோம். ஜெயித்துவிட்டோம். இரண்டுக்கு ஒன்று.

நூலகத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். எழுத்துகள் நீந்துகின்றன. கண்ணாடி போட வேண்டுமோ என்னவோ. நவம்பரில் வருவாயா? உன் கப்பல் அப்போது எங்கே இருக்கும் என்று நீ சொல்லவே இல்லையே.

ஹெல்மி


கப்பல் 'குரோவர்', டெட்ராய்ட் ஆறு
24 அக்டோபர் 1989

ஹெல்மி,

உன் உடம்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். அதனால் தனியாக நலம் விசாரிக்கவில்லை.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அடுக்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கடைசிக் கடிதத்தின் தலையில் செப்டம்பர் என்று போட்டிருக்கிறாய். தபால் முத்திரை அக்டோபர் பத்தொன்பது. கோப்பைச் செய்தியை ஒன்றரை மாதம் முன்பே எழுதிவிட்டாய். வேக்லி ஆட்டத்தையும் ஏற்கெனவே எழுதிவிட்டாய். வர முடியாது என்று நான் பதிலும் போட்டுவிட்டேன்.

போன நவம்பரில் கிளிஃப் என்ற ஆள் கப்பலை விட்டுப் போய்விட்டான் என்று எழுதியிருந்தேன், இல்லையா? அவன் எப்படிப் போனான் என்பதை உனக்கும் அம்மாவுக்கும் சொல்லவில்லை. சரக்கறை மூடியைத் தூக்கும் கொக்கி ஆடி வந்து அவன் காதுக்கு மேலே இடித்தது. ரத்தம்கூட வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

"இன்னிக்கு என்ன சூப்பு?" என்றான்.

"பட்டாணி."

இரண்டு நிமிஷம் கழித்து, "இன்னிக்கு என்ன சூப்பு?" சொன்னேன். தட்டு காலியானதும் மறுபடியும் கேட்டான். "ஏண்டா, பட்டாணி காதுக்குள்ள போயிடுச்சா?" என்றேன். மேசையே சிரித்தது. அவனும் சிரித்தான். தூங்கினால் சரியாகிவிடும் என்று எழுந்து போனான். காலையில் அவனை எழுப்ப முடியவில்லை. அவன் அம்மா துறைமுகத்துக்கு வந்து அவனுடைய பூட்ஸை வாங்கிக்கொண்டு போனாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நீ ஆட வேண்டாம். இந்தக் கடிதத்தை அப்படியே கோச்சிடம் காட்டு. இன்றைக்கே டாக்டரிடம் போ. போய்விட்டேன் என்று ஒரு வரி போடு, அது போதும்.

ரெய்னோ


கப்பல் 'குரோவர்', டெட்ராய்ட் ஆறு
31 அக்டோபர் 1989

மதிப்புள்ள ட்ரூடி அவர்களுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் ஹெல்மியின் அண்ணன். முன்பின் தெரியாதவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வாரம் முன்பு அவளுக்கு ஒரு கடிதம் போட்டேன். இன்று வந்த வாளியில் பதில் இல்லை. சனிக்கிழமை மாலை, தாது ஏற்றும் துறையிலிருந்து உங்கள் விடுதிக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு பெண் எடுத்து, "ஹெல்மியா? மத்தியானத்திலேர்ந்து தூங்குறா" என்றாள். என் தங்கை பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

அவளுக்கு மண்டைக்குள் அடிபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சமையல்காரன். ஆனால் இதே மாதிரி ஒருவனைப் பார்த்திருக்கிறேன், அவன் பிழைக்கவில்லை. இன்னொரு பந்து அவள் தலையில் படக்கூடாது. இதை உங்கள் கோச்சிடம் காட்டுங்கள். அவள் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும்.

இன்று கப்பல் எங்கும் நிற்காது, தபால் படகு மட்டும்தான் வரும். அதனால்தான் எழுதுகிறேன். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

ரெய்னோ காங்கஸ்


ஹார்லன் ஃபால்ஸ்
5 நவம்பர் 1989

மதிப்பிற்குரிய திரு. காங்கஸ் அவர்களுக்கு,

ஹெல்மி உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன். மீதியை நீங்கள் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் அம்மா போனில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதை நான்தான் எழுத வேண்டும்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் தபால் பெட்டியில் இருந்தது. அரையிறுதி பன்னிரண்டு மணிக்கு. நான் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன்.

எதிர் அணி வேக்லி. பருவம் முழுவதும் எங்களிடம் மட்டுமே தோற்றவர்கள். அவர்கள் கோல் போடுவதே கார்னரில்தான். ஹெல்மி இல்லாமல் அவர்களைத் தடுக்க எங்களுக்கு ஆள் கிடையாது. இந்த ஒரு ஆட்டம் முடியட்டும், முடிந்த உடனே கோச்சிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்து என் பைக்குள், கையுறைக்கு அடியில் வைத்தேன். இதுதான் நான் செய்தது.

முதல் கார்னர் ஐந்தாவது நிமிஷத்தில் வந்தது. ஹெல்மி எம்பித் தலையால் வெளியே தட்டினாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கு முன்னால் எனக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை, மூன்று வருஷமாக அவளுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். அதிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். பதினோரு பந்து. ஒவ்வொன்றுக்கும் நான் "ஹெல்மி, உனக்கு!" என்று கத்தினேன். கத்துவது கோல்கீப்பரின் வேலை. வாய் தானாகக் கத்தியது.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடினார்கள். உடை மாற்றும் அறையில் ஹெல்மி பெஞ்சில் உட்கார்ந்து இடது காலில் வலது ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ட்ரூடி, மேட்ச் எத்தனை மணிக்குடி?" என்றாள்.

"எந்த மேட்ச்?"

"வேக்லியோட. சீக்கிரம் கிளம்பு, லேட்டாகுது."

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோச் படித்துவிட்டு வெளுத்துப்போனார். அவர் கெட்டவர் இல்லை. "டாக்டர்கிட்ட காட்டுவோம். ஆனா நாளைக்கு ஃபைனல், அவளையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்றார்.

ஹெல்மி தெளிவாகப் பேசினாள். அதுதான் பயங்கரம். "எங்க அண்ணன் கப்பல்ல இருக்கிற கிழவி மாதிரி. எதுக்கெடுத்தாலும் பயம். எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு ஆடுறேன்" என்றாள். கோச் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாளைக் காலையில் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

"அவ இறங்கினா நான் இறங்கமாட்டேன். வேற யாரையாவது கோல்ல நிறுத்திக்குங்க" என்றேன்.

வேறு யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஹெல்மி எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். "துரோகி" என்றாள். கை தடுமாறி, அறை பாதிதான் பட்டது. அடுத்த நிமிஷம் அவள் வாந்தி எடுத்தாள். கோச்சின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

மூளைக்கும் மண்டைக்கும் நடுவே நாலு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து கட்டியிருந்ததாம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் அறுவைச் சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். முடித்து வெளியே வந்த டாக்டரிடம், இன்றைக்கு அவள் பதினோரு பந்தைத் தலையால் தட்டினாள் என்று சொன்னேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "பன்னிரண்டாவது வந்திருந்தா எனக்கு இங்க வேலையே இருந்திருக்காது" என்றார்.

காலையில் உங்கள் அம்மா ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், சமையலறை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நாங்கள் இறுதி ஆட்டம் ஆடப் போவதில்லை என்று சொன்னோம். "போங்க. அவ கண்ணு முழிச்சதும் முதல்ல ஸ்கோரைத்தான் கேப்பா. ஆடலைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார்கள். போனோம். மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். மூன்றும் கார்னரிலிருந்து வந்தவை, மூன்றும் ஹெல்மி நிற்கிற இடத்திலிருந்து தலையால் போட்டவை.

உங்கள் கடிதம் என் பையில் இரண்டு மணி நேரம் இருந்து, பிறகு ஒரு முழு ஆட்டமும் இருந்தது. என்னை நம்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ட்ரூடி வான்ஸ்


மருத்துவமனை
9 நவம்பர் 1989

ட்ரூடி அவர்களுக்கு,

கப்பலை விட்டு இறங்கி நேற்று வந்து சேர்ந்தேன். ஹெல்மி கண் திறந்தாள். என்னைப் பார்த்து "ரெய்னோ" என்றாள். வலது கையில் இன்னும் பிடிப்பு வரவில்லை.

இன்று மத்தியானம் நடையில் உங்களைப் பார்த்தேன். கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்ததை வைத்து நீங்கள்தான் என்று தெரிந்தது. பேச வந்தேன். முடியவில்லை, திரும்பிவிட்டேன். அந்த நேரத்தில் உங்களை அடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அதனால் ஒரே கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன்.

பதினோரு பந்து என்ற வரியைத் தாண்டி நேற்று வரை என்னால் படிக்க முடியவில்லை. இன்று காலை மீதியையும் படித்தேன். பிறகு என் கணக்கையும் பார்த்தேன். கோல் ஞாபகமில்லை என்று அவள் எழுதிய அன்றைக்கே எனக்குள் சுருக்கென்றது. கிளிஃபின் முகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, மேசையில் படித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன். டாக்டர் என்று ஒரு வரி, முட்டை உருண்டதைப் பற்றி மூன்று வரி. அடுத்த கடிதம் எழுத ஒன்பது நாள். நீங்கள் பிடித்து வைத்தது ஒரு காலைப்பொழுது.

உங்களை மன்னிக்கிறேன் என்று எழுத இப்போது மனம் வரவில்லை. நீங்கள் இறங்கமாட்டேன் என்று சொன்னதால்தான் அவள் இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். இதை அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

ரெய்னோ


வீட்டிலிருந்து
14 ஜனவரி 1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானே என் கையால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. தலைவலி இல்லை. முடி அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது. அம்மா சுகம். நீ சுகமா? கப்பலைக் குளிர்காலத்துக்குக் கட்டிப்போட்டு விட்டார்களா?

எனக்கு அக்டோபர் என்று ஒரு மாதமே இல்லை. கோப்பையும் இல்லை. இனிமேல் ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை எல்லோரும் மெதுவாகச் சொன்னார்கள். மெதுவாகச் சொன்னாலும் அதே விஷயம்தான்.

விடுமுறைக்கு ட்ரூடி வந்திருக்கிறாள். எனக்காகப் பாடப் புத்தகம் படித்துக் காட்டுகிறாள். நேற்றுக் காலை பாதியில் மூடி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். உன் கடிதம், கையுறை, பதினோரு பந்து. நீ நவம்பரிலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறாய் என்றும் சொன்னாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் வந்தது இதுதான்:

"எத்தனை என்னைத் தாண்டிப் போச்சு?"

"ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. பிறகு, "எழுந்து போடி" என்று கத்தினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "எங்க போற? அடுத்த பஸ் நாளைக்குத்தான்" என்றாள் அம்மா, மாவைப் பிசைந்துகொண்டே. ட்ரூடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மண்வாரியை எடுத்துக்கொண்டு வாசல் பனியைத் தள்ள ஆரம்பித்தாள். வாசல் முடிந்ததும் தெரு வரைக்கும் தள்ளினாள். அது முடிந்ததும் பக்கத்து வீட்டு வாசலையும் தள்ளினாள். ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நான் போய் விடுதியிலிருந்து வந்த என் பெட்டியைத் திறந்தேன், இரண்டு மாதமாகத் திறக்காத பெட்டி. எனக்கு ஒரு கடிதம் போட்டதாக அவளுக்கு எழுதியிருந்தாயே, அந்த அக்டோபர் கடிதத்தைத் தேடினேன், கிளிஃபைப் பற்றிய கடிதம். கிடைத்தது. பிரிக்காமல் இருக்கும் என்று நினைத்தேன், அண்ணா. பிரித்திருந்தது. 'நீ ஆட வேண்டாம்' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'கோப்பை முடிந்ததும்.' என் கையெழுத்து.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவளிடம் காட்டினேன். படித்தாள். "காதெல்லாம் சிவந்து போச்சு உனக்கு. தொப்பி போடாம வெளிய வந்திருக்க" என்றாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை நேரில் வரும்போது வாங்கிக்கொள். ட்ரூடி இன்னும் இங்கேதான் இருக்கிறாள். இன்று பஸ் இருந்தது. அவள் கிளம்பவில்லை, நானும் கிளம்பச் சொல்லவில்லை.

உன் தங்கை,
ஹெல்மி